கேட்பதற்கு ஒரு காசு, தங்குவதற்கு ஒரு காசு

நியூ ஜல்பைகுரியில் ரயிலை விட்டு இறங்கி, தேயிலைத் தோட்டங்களின் நடுவே சில மணி நேரம் ஜீப்பில் போனால் ஜெய்காவ் என்ற மேற்கு வங்கச் சிற்றூர் வருகிறது. அதன் கடைத்தெரு முடிகிற இடத்தில் இந்தியாவும் முடிகிறது. அந்தப் பக்கம் பூடானின் புன்ஷோலிங். இந்தியருக்கு இங்கே விசா கிடையாது. பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வாக்காளர் அடையாள அட்டை போதும். (ஆதார் அட்டையை மட்டும் நம்பிப் போகிறவர்கள்தான் எல்லையில் மாட்டிக்கொள்கிறார்கள்.) ஆனால் எல்லை ஊரைத் தாண்டித் திம்புவுக்கோ பாரோவுக்கோ போக வேண்டுமானால் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். அத்துடன் தலைக்கு, ஓர் இரவுக்கு, 1,200 ரூபாய் கட்ட வேண்டும்.

ஒரு குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்பா, அம்மா, பத்து வயது மகள், ஐந்து வயது மகன். ஐந்து இரவுகள். பெரியவர்கள் இருவருக்கும் 12,000 ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை பாதிக் கட்டணம் என்பதால் மகளுக்கு 3,000. அதற்கும் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆக 15,000 ரூபாய். அறை வாடகை, வண்டி, சாப்பாடு எல்லாம் தனி.

விசா இல்லாத நாட்டில் இது என்ன பணம்? அதன் பெயர் நீடித்த வளர்ச்சிக் கட்டணம். பூடான் வெளியுலகச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவைத் திறந்ததே 1974-ல்தான், நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக்கின் முடிசூட்டு விழாவை ஒட்டி. கூட்டம் குறைவாக வரட்டும், வருகிறவர்கள் கூடுதலாகச் செலவழிக்கட்டும் என்பது அன்று தொட்டு அதன் கொள்கை. நாட்டு நிலப்பரப்பில் 60 சதவீதமாவது என்றென்றும் காடாக இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாடு அது. இந்தியர்களுக்கு மட்டும் நெடுங்காலம் கட்டணமே இல்லாமல் இருந்தது. கொரோனாவுக்குப் பின் 2022 செப்டம்பரில் மறுபடி கதவு திறந்தபோதுதான் இந்த 1,200 ரூபாய் நடைமுறைக்கு வந்தது. மற்ற வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 200 டாலர் என்று வைத்தார்கள். அந்தத் தொகை வரவேண்டியவர்களையே தடுத்துவிட்டது. ஓட்டல்காரர்களும் வழிகாட்டிகளும் தவித்தார்கள். ஓராண்டுக்குள், 2023 செப்டம்பரில், 100 டாலராகப் பாதியாக்கினார்கள். இந்தியருக்கான தொகை மாறவில்லை.

வெளிநாட்டுப் பயணத்தில் கட்டணம் என்று ஒரே பெயரில் வழங்குவது உண்மையில் இரண்டு வேறு பணம் என்பதற்குப் பூடானைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஒன்று, வரலாமா என்று கேட்பதற்குக் கட்டுவது. இன்னொன்று, வந்து தங்குவதற்குக் கட்டுவது. முதலாவதைத்தான் நாம் விசா கட்டணம் என்கிறோம். அதைப் பலர் டிக்கெட் வாங்குவது போல நினைக்கிறார்கள்: பணத்தைக் கட்டினால் உள்ளே விட வேண்டும் என்று. அப்படியல்ல. விண்ணப்பத்தை ஓர் அதிகாரி எடுத்துப் பார்ப்பதற்கான கூலி அது. அவர் பார்த்துவிட்டு முடியாது என்றாலும் வேலை நடந்துவிட்டது, பணம் திரும்பாது. விசா என்ற சொல்லே ‘பார்க்கப்பட்டது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். தாளைப் பார்த்தாயிற்று என்பதற்கு மேல் அந்தச் சொல் எந்த வாக்குறுதியும் தரவில்லை.

முதல் உலகப் போருக்கு முன்பு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே எல்லை தாண்ட முடிந்தது. போர்க்காலத்தில் தற்காலிகமாக வந்த கட்டுப்பாடு போர் முடிந்தும் போகவில்லை. 1920-ல் நாடுகளின் சங்கம் பாரிஸில் மாநாடு கூட்டிப் பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. இன்று நம் வீட்டுப் பீரோவில் இருக்கும் சிறு புத்தகத்தின் மூதாதை அங்கேதான் பிறந்தது.

ஐரோப்பா பிறகு தனக்குள் அந்தச் சுவரை இடித்துக்கொண்டது. 1985 ஜூன் 14 அன்று, லக்ஸம்பர்க் நாட்டில் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள ஷெங்கன் என்ற சின்னக் கிராமத்தில், ஆற்றில் நின்ற ஒரு படகின் மேல் ஐந்து நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ஐந்து இன்று 29 ஆகிவிட்டது. ஒரே விசாவில் பாரிஸ், ரோம், பிராக் எல்லாம் பார்த்துவிடலாம். அந்த ஒரு விசாவை வாங்குவதில்தான் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் தூக்கம் போகிறது.

2024 ஜூன் 11 முதல் ஷெங்கன் விசா கட்டணம் 80 யூரோவிலிருந்து 90 யூரோ ஆனது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் 45 யூரோ. அதற்குக் கீழே இலவசம். நம்முடைய அதே குடும்பத்துக்கு 225 யூரோ. தூதரகத்துக்குப் பதிலாக விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் விசா மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கமாவது வெறுமையாகவும் இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் இருக்கும்போதாவது கொடுத்துவிட வேண்டும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் ஏப்ரலில் ‘ஸ்லாட்’ தேடி அலைவதைவிடப் பொங்கல் கழிந்ததும் கொடுத்துவிடுவது நல்லது.

எந்த நாட்டிடம் கேட்பது என்பதில் ஒரு விதி இருக்கிறது. அதிக நாள் எங்கே தங்குகிறோமோ அந்த நாட்டிடம். எல்லா நாட்டிலும் ஒரே அளவு என்றால் முதலில் காலெடுத்து வைக்கும் நாட்டிடம். ஸ்லாட் கிடைக்கிற நாட்டில் விசா வாங்கிக்கொண்டு வேறு நாட்டில் போய் இறங்கலாம் என்று சொல்லிக்கொடுக்கும் ஏஜென்ட்டுகள் உண்டு. அப்படிப் போனால் எல்லையில் அதிகாரி கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லப்போவது ஏஜென்ட் அல்ல.

2024-ல் இந்தியாவிலிருந்து போன ஷெங்கன் விண்ணப்பங்கள் 11 லட்சத்துக்கும் மேல். அவற்றில் சுமார் 15 சதவீதம் நிராகரிக்கப்பட்டன. ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. நிராகரிப்புத் தாளில் காரணங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும், பொருந்துவதில் ஒரு குறி மட்டும் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பயணத்தின் நோக்கம் நம்பும்படி இல்லை, அல்லது விசா முடிவதற்குள் திரும்பிவிடுவார் என்பதில் ஐயம். இந்த இரண்டாவதைப் படிக்கும்போது ஏற்படுகிற அவமானத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. முப்பது வருடம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒருவரிடம், நீங்கள் எங்கள் ஊரில் ஒளிந்துகொள்வீர்களோ என்று ஒரு தாள் கேட்கிறது. மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது. அதை எங்கே, எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கும்.

அதிகாரி தேடுவது பணக்காரரை அல்ல, திரும்பி வரக் காரணம் உள்ளவரை. இதைப் புரிந்துகொண்டால் கோப்பு தானே சரியாகும். வேலை பார்க்கும் இடத்தின் விடுப்புக் கடிதம், வருமான வரி ரிட்டர்ன், சம்பளம் மாதாமாதம் வந்து விழும் பேங்க் ஸ்டேட்மென்ட், நாள்வாரியான பயணத் திட்டம், அத்திட்டத்தோடு பொருந்தும் ஓட்டல் பதிவு. விண்ணப்பிக்கும் வாரத்தில் மைத்துனரிடம் ஐந்து லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவது உதவாது. சாதாரணமாக இருபதாயிரத்தைத் தாண்டாத கணக்கில் திடீரென்று முளைத்த ஐந்து லட்சம்தான் முதலில் கண்ணில் குத்தும். போலி டிக்கெட், போலிக் கடிதம் என்று இறங்கினால் ஒரு விசாவோடு போகாது, அடுத்தடுத்த விண்ணப்பங்களிலும் அந்தக் கறை நிற்கும்.

ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கென்று விதியைத் தளர்த்தியது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு ஆண்டுக்குப் பலமுறை போய்வரும் விசா கிடைக்கலாம். அதையும் சரியாகப் பயன்படுத்தினால் ஐந்து ஆண்டு. பாஸ்போர்ட்டில் அத்தனை காலம் மீதி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐந்தாண்டு விசா கையில் இருந்தாலும் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. மகளின் பிரசவத்துக்கு ஜெர்மனி போகிற அம்மாக்கள் இந்தக் கணக்கை விரல் விட்டு எண்ணி வைத்துக்கொள்வது அவசியம். முன்பு பாஸ்போர்ட்டில் அடித்த முத்திரையைப் பார்த்து எண்ணினார்கள். 2025 அக்டோபர் 12-ல் ஐரோப்பிய எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதிகிற கணினி முறை படிப்படியாகத் தொடங்கியது. இப்போது கணினி எண்ணுகிறது, ஒரு நாள் கூடினாலும் அதற்குத் தெரியும்.

அமெரிக்கா வேறு மாதிரி. சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். கிடைத்தால் இந்தியர்களுக்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுக்குக் கிடைக்கும். ஆனால் அந்நாட்டுச் சட்டத்தின் 214(b) பிரிவு, விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அப்படியல்ல என்று காட்டுவது நம் பொறுப்பு, அதுவும் ஜன்னலுக்கு முன்னால் நிற்கிற இரண்டு மூன்று நிமிடத்தில். சென்னை ஜெமினி பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு வெளியே கோப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிற பெற்றோர்களைப் பார்க்காத சென்னைவாசி இருக்க முடியாது. 2025 ஜூலை 4-ல் அங்கே கையெழுத்தான ஒரு சட்டம் இதற்கு மேல் 250 டாலர் ‘விசா நேர்மைக் கட்டணம்’ வசூலிக்க வழி செய்திருக்கிறது. பிரிட்டனில் ஆறு மாத வருகை விசா 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆனது.

கிழக்கே திரும்பினால் மூச்சு விட முடிகிறது. தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியர்களுக்கு விசாவை விலக்கின. இரண்டுமே 30 நாள். தாய்லாந்து 2024 ஜூலையில் அதை 60 நாளாக்கியது. மலேசியா தன் சலுகையை 2026 டிசம்பர் வரை நீட்டித்திருக்கிறது. பத்துமலைத் தைப்பூசத்துக்குப் போக நினைத்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. வியட்நாம் இணையவழி விசா ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50. சிங்கப்பூருக்கு விசா கட்டாயம், அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்ட் கூலி தனி.

‘விசா வேண்டாம்’ என்றால் ‘எதுவும் வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். கென்யா 2024 ஜனவரி முதல் யாருக்கும் விசா இல்லை என்று அறிவித்தது. அதற்குப் பதிலாக, கிளம்பும் முன்பே இணையத்தில் பயண அனுமதி வாங்க வேண்டும் என்றது. அதற்குக் கட்டணம் 30 டாலர். தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் வருகைக்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டையை நிரப்பச் சொல்கின்றன. மூன்றுமே முற்றிலும் இலவசம். ஆனால் தேடுபொறியில் அந்தப் பெயரைத் தட்டினால் அரசுத் தளம் போலவே கொடி, முத்திரையோடு வேறு தளங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. இலவசப் படிவத்துக்குக் கிரெடிட் கார்டு எண் கேட்கின்றன. பணத்தோடு பாஸ்போர்ட் விவரமும் போய்விடுகிறது. பணம் கேட்கும் பக்கம் வந்தாலே அங்கிருந்து வெளியேறி, அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் தளம் எது என்று தூதரகப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த இரண்டாவது காசு. தங்குவதற்கானது. இது நாளுக்கு நாள் பெருகுகிறது. இந்தோனேசியாவில் இறங்கியதும் வாங்கும் விசாவுக்கு 5 லட்சம் ரூபியா. பாலித் தீவுக்குப் போனால் அதற்கு மேல் 1.5 லட்சம் ரூபியா, 2024 பிப்ரவரி 14 முதல். தீவின் பண்பாட்டையும் இயற்கையையும் காக்க என்று சொல்லி வாங்குகிறார்கள். மாலத்தீவில் விசா இலவசம். ஆனால் ரிசார்ட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. 2025 ஜனவரியில்தான் அது 6 டாலரிலிருந்து இரட்டிப்பானது. திரும்பும்போது சாதாரண வகுப்புப் பயணிக்கு 50 டாலர் புறப்பாட்டு வரி, அது டிக்கெட் விலைக்குள் ஒளிந்திருக்கும். மலேசிய ஓட்டல்களில் வெளிநாட்டவருக்கு அறைக்கு இரவு ஒன்றுக்கு 10 ரிங்கிட். ஜப்பான் 2019 முதல் நாட்டை விட்டுக் கிளம்புகிறவரிடம் 1,000 யென் வாங்கத் தொடங்கியது. ஓட்டல் விலையையும் விமான டிக்கெட்டையும் மட்டும் கூட்டிப் பட்ஜெட் போடுகிறவர்களுக்குக் கடைசி நாளில் கை கடிக்கிற இடம் இதுதான்.

வெனிஸ் ஒரு படி மேலே போனது. அங்கே தங்காமல் காலையில் வந்து மாலையில் போகிறவர்களால்தான் சந்துகள் அடைபடுகின்றன. எனவே 2024 ஏப்ரல் 25-ல் தொடங்கி, தேர்ந்தெடுத்த 29 நாட்களில், பகல்நேரப் பயணிகளிடம் 5 யூரோ வாங்கியது. ஒரு நகரமே வாசலில் சீட்டுக் கொடுத்தது. முதல் ஆண்டில் சுமார் 24 லட்சம் யூரோ வந்தது, கூட்டம் பெரிதாகக் குறையவில்லை. அடுத்த ஆண்டு நாட்களை 54 ஆக்கி, கடைசி நேரத்தில் பதிகிறவர்களுக்கு 10 யூரோ என்றார்கள். ஓட்டலில் தங்குகிறவர்கள் கட்ட வேண்டியதில்லை. ஆனால் விலக்கு உண்டு என்பதையும் இணையத்தில் பதிந்து சான்று வைத்திருக்க வேண்டும்.

பூடானின் 1,200 ரூபாயையும் வெனிஸின் 5 யூரோவையும் கட்டுவதில் நியாயம் இருக்கிறது. கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கும் காலத்தில் வாழும் தமிழருக்கு அது புரியாததல்ல. நம் காலடி படுகிற இடத்தைப் பராமரிக்கிற பணம் அது, எல்லா ஊர்க்காரரும் கட்டுகிறார்கள். கேட்பதற்கான காசு அப்படி இல்லை. அதே பாரிஸுக்கு ஒரு ஜப்பானியர் விசாவே இல்லாமல் போய் இறங்க, தஞ்சாவூர்க்காரர் 90 யூரோவையும் மூன்று வாரக் கவலையையும் கொடுக்கிறார். மறுத்துவிட்டால் இரண்டுமே திரும்புவதில்லை. மறுக்கப்பட்டவரின் கட்டணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பித் தருவது பற்றி அரசுகள் பேசிக்கொள்ள வேண்டும்.

எல்லாத் தாளும் சரியாக இருந்தும் பயணம் நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டு அதிகாரியின் மேசை அல்ல, மீனம்பாக்கம் விமான நிலையத்தின் செக்-இன் கவுன்ட்டர். தகுந்த ஆவணமில்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால் விமான நிறுவனம்தான் அபராதம் கட்ட வேண்டும், அவரைத் திருப்பிக் கூட்டிவரவும் வேண்டும். ஆகவே அங்கே நிற்கிற ஊழியர்தான் நாம் சந்திக்கும் முதல் எல்லைக் காவலர். அவர் முதலில் பார்ப்பது பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியை. பல நாடுகள் ஆறு மாதம் மீதி கேட்கின்றன. பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்தாண்டுக்கு, குழந்தைகளுடையது ஐந்தாண்டுக்குத்தான். நான்கு பாஸ்போர்ட்டையும் ஒரே நாளில் எடுத்த குடும்பம், ஐந்தாவது ஆண்டில் பிள்ளைகளின் தேதியைப் பார்க்க மறந்து போய் நிற்பது அப்படித்தான்.

அடுத்தது பெயர். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்து வாழ்ந்துவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயரை எழுதிவிட்டு இன்னொரு கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் லட்சக்கணக்கில் இருக்கக்கூடும். அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவர்களின் முதற்பெயர் இடத்தில் ‘பெயர் தெரியாதவர்’ என்பதற்கான மூன்றெழுத்தை அச்சிட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் வரக்கூடாது என்றது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவது நல்லது. பிள்ளைகளுக்கு முதல் பாஸ்போர்ட் எடுப்பவர்கள், பள்ளிச் சான்றிதழில் உள்ளதோடு அது பொருந்தும்படி இப்போதே செய்துவிடலாம்.

விதிகள் எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. இலங்கை 2012 ஜனவரி முதல் இணையவழிப் பயண அனுமதி முறையை நடத்தி வந்தது. 2023 நவம்பரில் இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்கு விசா கட்டணம் இல்லை என்றது. 2024 ஏப்ரலில் விசா வேலையை வெளியாரிடம் ஒப்படைத்தது. கட்டணம் ஏறியது, மக்கள் கொதித்தார்கள், வழக்குப் போனது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டுக்குத் தடை விதித்தது. செப்டம்பர் இறுதியில் பழைய முறையே திரும்பி வந்தது. ஒரே ஆண்டுக்குள் இத்தனை. டிக்கெட் எடுத்த நாளில் பார்த்த விதியைக் கிளம்பும் வாரத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று பயணம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை, எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேர்ந்தார்கள். 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். நின்றுபோன அது 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. நான்கு மணி நேரப் பயணம். பாஸ்போர்ட்டும் பயண அனுமதியும் விமானப் பயணிக்குப் போலவே கப்பல் பயணிக்கும் கேட்கிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர் அதே இணையப் படிவத்தைத்தான் நிரப்புகிறார். டொரண்டோவிலிருந்து கனடா பாஸ்போர்ட்டோடு யாழ்ப்பாணத்துக்கு வருகிறவரும், இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லையென்றால், அதையேதான் நிரப்பியாக வேண்டும். தான் பிறந்த வீட்டைப் பார்க்க வருகிறேன் என்று எழுத அதில் இடமில்லை. ‘நண்பர், உறவினரைப் பார்க்க’ என்ற வரியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வரி சுற்றுலா என்ற தலைப்பின் கீழே இருக்கிறது.